சுவாமிமலைப் படிமங்கள்

தஞ்சாவூர் மாவட்டம், கும்பகோணத்துக்கு அருகிலுள்ள சுவாமிமலையில் தேன்மெழுகு வார்ப்பு முறையில் செய்யப்படும் பஞ்சலோகத் திருவுருவங்கள். புவிசார் குறியீடு பெற்றவை. இக்கலைக்கு மூலதனம் காவிரி வண்டல் என்றால் மிகையில்லை. மாவு போன்ற அம்மண்ணைக் குழைத்து மெழுகுருவின் மேல் முதல் பூச்சாகப் பூசுவர்; நகக்கண், அணிமணியின் கீறல்வரை அச்சில் பதியும். சூளையில் மெழுகு உருகி வழிந்ததும், வெற்றிடத்தில் உலோகக் குழம்பை வார்ப்பர். அச்சை உடைத்தே சிலையை எடுப்பதால் ஓர் அச்சுக்கு ஒரே சிலை.

அளவுகோல் தென்னங்கீற்று. சிலையின் உயரத்துக்கு ஓலையை நறுக்கி, மடித்து மடித்தே அங்கப் பிரமாணம் குறிப்பர். உத்தம தசதாளம் என்னும் சிற்ப அளவு முறையில் மொத்த உயரம் 124 அங்குலம்; இது சிலைக்கேற்ப மாறும் சிற்ப அளவு, இன்றைய அங்குலமன்று. வார்ப்பைவிட, பின்னர் உளியால் கண் திறப்பதே ஸ்தபதியின் கைத்திறனைக் காட்டும்.