போட்டி ரைஃபிளின் 'போல்ட் கேரியர் குரூப்': தரமானதா, வெறும் பளபளப்பா? எப்படி கண்டுபிடிப்பது?

அமெரிக்காவில் ரைஃபிள் போட்டிகளுக்குப் போகிறவர்கள் நல்ல குழலுக்கும் நல்ல ஸ்கோப்புக்கும் யோசிக்காமல் காசு செலவழிப்பார்கள். ஆனால் உள்ளே இருக்கும் ஒரு பாகத்தை மட்டும் "எதுவா இருந்தா என்ன" என்று விட்டுவிடுவார்கள். அந்தப் பாகத்தின் பெயர்தான் போல்ட் கேரியர் குரூப்.

போட்டி நடுவே துப்பாக்கி நின்றுபோனால், முதலில் மேகசினைப் பார்ப்பார்கள். அது சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் இதன்மேல்தான் விழும். இது சுடுபவரின் முகத்துக்குச் சில அங்குல தூரத்தில் வேலை செய்கிறது. அதனால் இது ஸ்கோர் விஷயம் மட்டுமல்ல, பாதுகாப்பு விஷயமும்கூட.

இது என்ன? எப்படி வேலை செய்கிறது? வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

எந்தத் துப்பாக்கி, எந்தப் போட்டி?

ஒலிம்பிக்கில் பார்க்கும் ரைஃபிள் வேறு. 2008-ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது 10 மீட்டர் ஏர் ரைஃபிளில். அது அழுத்தப்பட்ட காற்றால் சுடுவது. அதில் இந்தப் பாகமே கிடையாது.

இங்கே பேசுவது ஏஆர்-15 வகை ரைஃபிள். 'ஏஆர்' என்பது ஆர்மலைட் ரைஃபிள் என்பதன் சுருக்கம். 1950-களில் ஆர்மலைட் நிறுவனத்தில் யூஜின் ஸ்டோனர் உருவாக்கிய அமைப்பு இது. வாயுவால் இயங்கும் இந்த போல்ட்-கேரியர் அமைப்புக்கு 1960-ல் அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது.

இந்த வகை ரைஃபிளை வைத்து இரண்டு விதமான போட்டிகள் பிரபலம். ஒன்று, ஒஹையோ மாநிலத்தின் கேம்ப் பெர்ரியில் 1907 முதல் நடக்கும் தேசியப் போட்டிகள் போன்றவை. 200, 300, 600 யார்டு தூரத்தில் துல்லியமாகச் சுட வேண்டும். இன்னொன்று 'த்ரீ கன்'. ரைஃபிள், பிஸ்டல், ஷாட்கன் மூன்றையும் மாற்றி மாற்றி, ஓடிக்கொண்டே சுட வேண்டும். இதில் நேரம்தான் ஸ்கோர். தோட்டா சிக்கினால், அதை எடுத்துவிடும் நொடிகளும் கணக்கில் சேரும்.

உள்ளே என்ன நடக்கிறது?

கைக்குள் அடங்கும் அளவுள்ள எஃகு உருளைதான் கேரியர். அதன் முன்பக்கம் செருகியிருப்பது போல்ட். போல்ட்டின் முனையில் 7 பற்கள் இருக்கும். எட்டாவது பல் இருக்க வேண்டிய இடத்தில் எக்ஸ்ட்ராக்டர் என்ற கொக்கி இருக்கும். இவற்றோடு ஃபயரிங் பின், கேம் பின், மூன்று வாயு வளையங்கள், கேரியரின் தலையில் 'கேஸ் கீ' என்ற சின்னக் குழாய். எல்லாம் சேர்ந்ததுதான் 'குரூப்'.

தோட்டா வெடித்ததும் குழலில் இருந்து கொஞ்சம் வாயு ஒரு மெல்லிய குழாய் வழியாகப் பின்னால் வரும். கேஸ் கீ வழியாக கேரியருக்குள் புகுந்து அதைப் பின்னுக்குத் தள்ளும். கேரியர் நகரும்போது கேம் பின் போல்ட்டைத் திருப்பும், பூட்டு திறக்கும். கொக்கி வெற்றுக் கூட்டை இழுக்கும், எஜெக்டர் அதை வெளியே தள்ளும். பின்னால் உள்ள ஸ்பிரிங் எல்லாவற்றையும் முன்னுக்குத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும். இவ்வளவும் கண் இமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும்.

.223 ரெமிங்டன் தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில்துறை அமைப்பான 'சாமி' வகுத்துள்ள உச்ச அழுத்தம் 55,000 பி.எஸ்.ஐ. கார் டயரில் நாம் அடிக்கும் காற்று 30 முதல் 35 பி.எஸ்.ஐ. அந்த வித்தியாசத்தை ஒவ்வொரு முறையும் தாங்கிக்கொள்வது அந்த 7 பற்கள்தான்.

எஃகின் பெயர் போதுமா?

விளம்பரங்களில் முதலில் கண்ணில் படுவது எஃகின் பெயர்தான். போல்ட்டுக்கு ராணுவ வரையறையில் இருப்பது 'கார்பென்டர் 158'. இன்று பலர் பயன்படுத்துவது '9310'. கேரியருக்குப் பொதுவாக '8620'.

158-ஆ, 9310-ஆ என்று துப்பாக்கிக்காரர்கள் மணிக்கணக்கில் வாதாடுவார்கள். உண்மையில் இரண்டுமே நல்ல எஃகுதான். எஃகை எப்படிப் பதப்படுத்தினார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வெளிப்பரப்பு கடினமாகவும், உள்ளே கொஞ்சம் நெகிழ்வாகவும் இருக்க வேண்டும். உள்ளேயும் கண்ணாடி மாதிரி இறுகிவிட்டால் பல் ஒடியும். மிருதுவாக விட்டுவிட்டால் தேயும். பெயரை மட்டும் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

அடுத்தது 'ஷாட் பீனிங்'. சின்னச் சின்ன உருண்டைகளை வேகமாக அடித்து மேற்பரப்பை இறுக்குவது. இது விரிசல் தொடங்குவதைத் தள்ளிப்போடும்.

'எம்.பி.ஐ' என்ற முத்திரை என்ன சொல்கிறது?

நல்ல போல்ட்களில் எம்.பி.ஐ அல்லது எம்.பி என்று பொறித்திருப்பார்கள். காந்தத் துகள் சோதனை செய்யப்பட்டது என்று அர்த்தம். போல்ட்டைக் காந்தமாக்கி அதன்மேல் இரும்புத் துகள் கலந்த திரவத்தை ஊற்றுவார்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் துகள்கள் அங்கே கோடாகச் சேரும்.

ராணுவ முறையில் இதற்கு முன் இன்னொரு சோதனை உண்டு. சுமார் 70,000 பி.எஸ்.ஐ அழுத்தம் தரும் தோட்டாவை ஒருமுறை சுட்டுப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகுதான் காந்தச் சோதனை. அதாவது முதலில் வருத்திப் பார்த்து, பிறகு விரிசல் விழுந்ததா என்று தேடுவது.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஒவ்வொரு போல்ட்டையும் சோதித்தாலும் அதே முத்திரைதான், ஒரு தொகுதியில் சிலவற்றை மட்டும் சோதித்தாலும் அதே முத்திரைதான். அதனால் விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதிக்கிறீர்களா?" பதில் நேராக வரவில்லை என்றால், அதுவே பதில்.

பிராண்டு பெயரும் முழுக் கதையைச் சொல்லாது. டூல்கிராஃப்ட், மைக்ரோபெஸ்ட் போன்ற நிறுவனங்கள் வேறு பல பிராண்டுகளுக்கும் இந்தப் பாகத்தைத் தயாரித்துக் கொடுக்கின்றன. ஒரே தொழிற்சாலைப் பொருள் இரண்டு விலையில் கிடைக்கலாம். ஆனால் எந்தப் பிராண்டு எந்தச் சோதனையைக் கேட்டு வாங்கியது என்பதில் வித்தியாசம் இருக்கும்.

கண்ணால் பார்த்தே தெரிவது எது?

கேஸ் கீ. இரண்டு ஸ்க்ரூ போட்டு கேரியரோடு இணைத்திருப்பார்கள். ஸ்க்ரூ தளராமல் இருக்க, பக்கத்தில் உள்ள உலோகத்தை அழுத்தி ஸ்க்ரூவின் தலைக்குள் ஏற்றியிருக்க வேண்டும். இதற்கு 'ஸ்டேக்கிங்' என்று பெயர். உலோகம் உண்மையிலேயே நகர்ந்து ஸ்க்ரூவைக் கவ்வியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒப்புக்கு ஒரு புள்ளி வைத்தது போல இருந்தால் சரியில்லை. ஸ்க்ரூ தளர்ந்தால் வாயு கசியும், கேரியர் முழுத் தூரம் போகாது, தோட்டா சிக்கும்.

வாயு வளையம். போல்ட்டை முன்னால் இழுத்துவிட்டு, குரூப்பை போல்ட் முனையில் நிற்க வைப்பது ஒரு எளிய சோதனை. கேரியர் தன் எடையாலேயே கீழே இறங்கிவிட்டால் வளையங்கள் தேய்ந்துவிட்டன. மாற்றுவதற்கு அதிகச் செலவில்லை.

ஃபயரிங் பின் நீட்சி. முழுதாக முன்னால் தள்ளும்போது அது போல்ட் முகத்திலிருந்து 0.71 முதல் 0.91 மில்லிமீட்டர் வரை நீண்டிருக்க வேண்டும். இதற்கென்றே சின்ன அளவுகோல் கிடைக்கிறது.

விரிசல். பழைய குரூப் என்றால் இரண்டு இடங்களை லென்ஸ் வைத்துப் பார்ப்பார்கள். ஒன்று, எக்ஸ்ட்ராக்டருக்குப் பக்கத்தில் உள்ள பற்கள். இன்னொன்று, கேம் பின் போகும் துளை. ஏஆர் போல்ட் உடைந்தால் பெரும்பாலும் இந்த இடங்களில்தான் உடையும்.

இலகுவானது நல்லதா?

முழு எடை குரூப் சுமார் 325 கிராம் இருக்கும். த்ரீ கன் ஆட்கள் இதைவிட இலகுவானதைத் தேடுகிறார்கள். முன்னும் பின்னும் ஓடும் எடை குறைந்தால் துப்பாக்கி குறைவாக அசையும், குறி சீக்கிரம் இலக்குக்குத் திரும்பும். நொடிகள் மிச்சம்.

ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. இலகு கேரியர் வேகமாகக் கிளம்பும், பூட்டு சீக்கிரமே திறக்கும். அப்போது வெற்றுக் கூடு இன்னும் சேம்பரில் இறுகியிருக்கும். கொக்கிக்கு அதிக வேலை. அதனால் வாயுவின் அளவைக் குறைக்க, சரிசெய்யக்கூடிய கேஸ் பிளாக் தேவை. அப்படிக் கச்சிதமாக மாற்றிவைத்த துப்பாக்கி, தோட்டா பிராண்டு மாறினாலோ, அழுக்கு சேர்ந்தாலோ, குளிர் அடித்தாலோ மக்கர் பண்ணலாம்.

கேம்ப் பெர்ரி மாதிரியான துல்லியப் போட்டிக்கு இந்தத் தலைவலி தேவையே இல்லை. முழு எடை குரூப் போதும்.

மேற்பூச்சில் என்ன இருக்கிறது?

மங்கலான சாம்பல் நிற பாஸ்பேட் பூச்சு, கேரியர் உள்ளே குரோம். இதுதான் பழைய ராணுவ முறை. அழகு குறைவு, உழைப்பு அதிகம். நைட்ரைடு, நிக்கல் போரான், டி.எல்.சி போன்றவற்றில் கரியைத் துடைப்பது சுலபம், வழுக்கலும் நன்றாக இருக்கும். ஆனால் சரியாகப் பதப்படுத்தாத எஃகுக்குத் தங்க நிறப் பூச்சு போட்டாலும் அது உறுதியாகிவிடாது. பூச்சைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான அளவு

போல்ட் தனியாக எவ்வளவு நன்றாக இருந்தாலும், அது குழலோடு பொருந்த வேண்டும். பூட்டிய நிலையில் போல்ட் முகத்துக்கும் சேம்பரில் தோட்டா உட்காரும் இடத்துக்கும் உள்ள தூரம்தான் 'ஹெட்ஸ்பேஸ்'. அது அதிகமானால் கூடு கிழிந்து, சூடான வாயு சுடுபவர் பக்கம் திரும்பலாம். 'கோ', 'நோ-கோ' என்ற இரண்டு அளவுகோல்களை வைத்து துப்பாக்கி மெக்கானிக் இதைச் சோதிப்பார். முதலாவது வைத்தால் போல்ட் மூட வேண்டும், இரண்டாவது வைத்தால் மூடக் கூடாது.

இதனால்தான் போட்டிக் குழல் தயாரிக்கும் பலர், அதற்கென்றே அளந்து பொருத்திய போல்ட்டையும் சேர்த்து விற்கிறார்கள். பற்கள் சமமாக உட்காருவது துல்லியத்துக்கும் நல்லது. உபரி போல்ட் வைத்துக்கொள்பவர்கள் அதையும் அதே குழலில் அளந்து பார்த்துவிட்டுத்தான் பையில் போட வேண்டும்.

6.5 கிரெண்டல் மாதிரி அடிப்பாகம் அகன்ற தோட்டா என்றால் இன்னும் கவனம் தேவை. போல்ட் முகத்தை அகலமாகக் குடைவதால் சுற்றியுள்ள எஃகு மெலிந்துவிடும். அதன் உச்ச அழுத்தம் 52,000 பி.எஸ்.ஐ என்று குறைவாக வகுக்கப்பட்டிருக்கிறது. அந்த வகையில் மலிவான போல்ட் வாங்குவது வேண்டாத வேலை.

சுருக்கமாக, பார்க்க வேண்டிய வரிசை

1. குழலோடு ஹெட்ஸ்பேஸ் சரியா?
2. ஒவ்வொரு போல்ட்டும் தனியாகச் சோதிக்கப்பட்டதா?
3. எஃகும், அதைப் பதப்படுத்திய முறையும் தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறதா?
4. கேஸ் கீ ஸ்டேக்கிங் உறுதியா?
5. எடை அந்தப் போட்டிக்கு ஏற்றதா?
6. மேற்பூச்சு, நிறம் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

விற்பனைப் பக்கங்கள் பெரும்பாலும் இந்த வரிசையைத் தலைகீழாக வைத்திருக்கும். நிறம் முதலில் வரும், அளவு கடைசியில் வரும். வாங்குபவர் கீழே இருந்து மேலே படித்தால் பாதி தப்பு நடக்காது. மீதிப் பாதிக்கு ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் போதும். எத்தனை தோட்டா சுட்டது, எப்போது வளையம் மாற்றியது, எப்போது பற்களைப் பார்த்தது என்று எழுதி வைப்பது. எவ்வளவு நல்ல எஃகுக்கும் ஆயுசு உண்டு. அது முடியும் நாள் போட்டி நாளாக இருந்துவிடக் கூடாது.