கிளாட்னி உருவங்கள்

கிளாட்னி உருவங்கள் என்பன, அதிரும் தகடு அல்லது தோலின் மீது தூவிய மணல், அசையாத இடங்களில் ஒதுங்கிச் சேர்வதால் தோன்றும் வடிவங்கள் ஆகும். இவ்விடங்கள் கணுக்கோடுகள் எனப்படுகின்றன. செருமானிய இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் கிளாட்னி (1756–1827) தாம் 1787இல் வெளியிட்ட நூலில் இவற்றை விளக்கினார். தகட்டின் வடிவம், அதைப் பிடித்திருக்கும் முறை, அதிர்வெண் ஆகியவற்றோடு, அது செய்யப்பட்ட பொருளும் இவ்வுருவங்களைப் பாதிக்கிறது.

சீரான தகடுகள்

எங்கும் ஒரே தன்மையுடைய தகட்டில், பொருளை மாற்றினால் உருவம் பெரிதும் மாறுவதில்லை. அது தோன்றும் அதிர்வெண்ணே மாறுகிறது. விறைப்பைக் குறிக்கும் யங் குணகத்தை அடர்த்தியால் வகுத்து, அந்த ஈவின் வர்க்கமூலத்தைக் கண்டால், அதிர்வெண் அதற்கு ஏறத்தாழ நேர் விகிதத்தில் இருக்கும். அலுமினியம் உருக்கைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு இலேசானது. அதன் விறைப்பும் ஏறத்தாழ அதே விகிதத்தில் குறைவு. ஆகவே ஒரே அளவும் தடிப்பும் கொண்ட உருக்கு, அலுமினியத் தகடுகளில் ஓர் உருவம் ஏறக்குறைய ஒரே அதிர்வெண்ணில் தோன்றும். பித்தளையில் அவ்வுருவம் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அதிர்வெண்ணிலேயே தோன்றிவிடும்.

மரமும் நெகிழியும்

மரம் நார்வாக்கில் விறைப்பு மிகுந்தது, குறுக்குவாக்கில் குறைந்தது. இதனால் சதுர மரப்பலகையில், செவ்வகத் தகட்டுக்குரியவை போன்ற உருவங்கள் தோன்றுகின்றன. வயலின் பலகைகளைச் செதுக்கிச் சீராக்க இவ்வுருவங்கள் பயன்படுகின்றன. அக்ரிலிக் போன்ற நெகிழிகள் அதிர்வை விரைவில் தணிப்பதால், அவற்றில் கோடுகள் தெளிவு குறைந்து காணப்படும்.

மிருதங்கம்

சீரான வட்டத் தோலின் அதிர்வெண்கள் 1 : 1.59 : 2.14 : 2.30 என்ற விகிதத்தில் அமைவதால், அவை சுரமாக இசைவதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் இடப்படும் கரணை (சோறு) என்னும் கரிய பசை, தோலின் நடுப்பகுதியைக் கனமாக்கி இவ்விகிதத்தை மாற்றுகிறது.

திருச்சிராப்பள்ளியில் பிறந்த ச. வெ. இராமன் (சர் சி. வி. இராமன்) 1920இல் சிவகாளி குமாருடன் இணைந்து நேச்சர் இதழில் இதைப் பற்றி எழுதினார். 1934இல் வெளியான கட்டுரையில், தோலின் மீது மணல் தூவிக் கிடைத்த உருவங்களைக் கொண்டு, ஒன்பது அதிர்வு வகைகள் ஐந்து அதிர்வெண்களாகத் திரள்வதைக் காட்டினார். இவ்வைந்தும் அடிப்படை அதிர்வெண்ணும் அதன் 2, 3, 4, 5 மடங்குகளும் ஆகும். எடுத்துக்காட்டாக, சீரான தோலில் 2.14, 2.30 என்னும் வேறு வேறு விகிதங்களில் தோன்றும் இரண்டு உருவங்கள், அதாவது இரு விட்டக்கோடுகள் கொண்டதும் உள்ளே ஒரு வட்டக்கோடு கொண்டதும், மிருதங்கத்தில் மூன்றாம் மடங்கில் ஒன்றுசேர்கின்றன.

கைவினைஞர் கரணையைப் பல அடுக்குகளாக இட்டுத் தேய்ப்பது இவ்விசைவைப் பெறுவதற்கே ஆகும். கரணை உதிர்ந்தால் தோலின் கனப் பரவல் மாறி, சுரத்தூய்மையும் கெடும்.