பெயர் மாறிப்போன இரண்டு குருவிகள்

சீனாவில் பல நூறு வருடங்களாக ஒரு பறவையின் கூட்டை சூப் வைத்துக் குடிக்கிறார்கள். சுள்ளி, வைக்கோல் எதுவும் இல்லாத கூடு. முழுக்க முழுக்க அந்தப் பறவையின் எச்சில்! காற்றுப் பட்டதும் இறுகி, குகைச் சுவரில் வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஒட்டிக்கொள்ளும். கட்டுவது உழவாரன் வகையைச் சேர்ந்த ஒரு சின்னப் பறவை.

சரக்கு பிரபலம்தான். ஆனால் சரக்கைத் தயாரிப்பது யார் என்பதில் ஐரோப்பிய அறிஞர்களுக்குக் குழப்பம்.

1758-ல் சுவீடன் நாட்டு லின்னேயஸ் ஒரு உழவாரனுக்கு 'எஸ்குலென்டா' என்று பெயர் வைத்தார். லத்தீனில் 'உண்ணத் தகுந்தது' என்று அர்த்தம். அவர் ஆசியப் பக்கமே வந்ததில்லை. மற்றவர்கள் எழுதியதைப் படித்துத்தான் வைத்தார். கடைசியில் அந்தப் பெயர் போய் ஒட்டிக்கொண்டது வேறொரு பறவை மேல். அதன் கூட்டில் இருப்பது பாசியும் நாரும். எச்சில் வெறும் பசைக்கு மட்டும். எந்த வியாபாரியும் அதை வாங்க மாட்டார்.

1812-ல் லின்னேயஸின் மாணவர் துன்பெர்க், அசல் கூட்டுக்காரனுக்கு 'ஃபூசிபாகா' என்று பெயர் சூட்டினார். அதாவது 'கடற்பாசி தின்னி'. கூடு கடற்பாசியால் ஆனது என்று அந்தக் காலத்தில் ஒரு நம்பிக்கை. பாவம், அந்தப் பறவை தின்பதோ பறந்தபடியே பிடிக்கும் பூச்சிகளை!

ஆக, இரண்டு லேபிளும் தப்பு. ஆனால் முதலில் வைத்த பெயரே செல்லும் என்பது விலங்கியல் விதி. அதனால் இன்றுவரை அதே பெயர்கள்தான்.

சரி, இரண்டையும் எப்படிப் பிரித்து அறிவது? எஸ்குலென்டாவுக்கு முதுகு நீலக் கறுப்பில் பளபளக்கும், வயிறு வெள்ளை. மற்றதற்கு உடம்பு பூராவும் மங்கலான பழுப்பு. வெளிச்சம் இல்லாவிட்டால் காதை நம்பலாம். பழுப்புப் பறவை 'டிக் டிக்' என்று ஒலி எழுப்பி, எதிரொலியை வைத்தே கும்மிருட்டில் வழி கண்டுபிடிக்கும். 1950-களின் கடைசியில் போர்னியோவின் நியா குகையில் மெட்வே பிரபு குகை உழவாரன்களின் இந்தத் திறமையை ஆராய்ந்தார். பளபளப்புப் பறவைக்கு அது கிடையாது. அதனால் வெளிச்சம் எட்டும் குகை வாசல் பக்கமே கூடு கட்டும்.

இதெல்லாம் வெறும் பெயர்ச் சண்டை இல்லை. அந்தமானில் கூடு திருட்டால் பழுப்புப் பறவை வேகமாகக் குறைந்தது. முட்டை, குஞ்சு என்று பார்க்காமல் கூட்டைப் பெயர்த்தார்கள். கோவை சாலிம் அலி மையத்தின் ரவி சங்கரன் 1990-களில் தீவு தீவாகக் குகைகளை ஆராய்ந்து இதை வெளிக்கொண்டு வந்தார். பிறகு நடந்த பாதுகாப்பு முயற்சியில், வீட்டுக்குள் கூடு கட்டும் பளபளப்புப் பறவையின் கூட்டில் பழுப்புப் பறவையின் முட்டைகளை வைத்தார்கள். (அந்தமானின் பளபளப்புப் பறவையை அப்போது எஸ்குலென்டா என்றே சொன்னார்கள், பின்னாளில் தனி இனமாகப் பிரித்துவிட்டார்கள்.) காக்கை கூட்டில் குயில் முட்டை கதைதான், ஆனால் இங்கே வைத்தது மனிதன்.

250 வருடத்துக்கு முன் ஒன்றின் பெயரை மற்றது தூக்கிக்கொண்டு போனது. இப்போது அந்தக் கடனை முட்டையை அடைகாத்துத் தீர்க்கிறது போலும்!