மூன்றாம் பருவத்தின் சர்வகலாசாலை

ஓய்வுபெற்ற பேராசிரியர்களுக்கு மேலைநாட்டுச் சர்வகலாசாலைகள் வழங்கும் 'எமெரிட்டஸ்' என்னும் சிறப்புப் பெயர் ஆதியில் புலமையைக் குறித்ததன்று. உரோமப் பேரரசின் படையில் தனக்கு விதிக்கப்பட்ட ஆண்டுகளையெல்லாம் ஊழியம் செய்து முடித்து, மரியாதையுடன் விடைபெற்று வீடு திரும்பிய போர்வீரனையே அச்சொல் முதலிற் சுட்டியது. அவ்வீரனுக்கேனும் எஞ்சிய வாழ்நாளில் உழுது பயிரிடச் சிறிது நிலமோ, நிலத்துக்கு ஈடாகப் பொருளோ கிடைத்தது. நூலோர் உழுத நிலமோ வேறு வகையானது. வகுப்பும், நூலகமும், சக ஆசிரியரோடு மாலைதோறும் நிகழும் சம்பாஷணையுமே அந்நிலம். ஓய்வுபெறும் நாளில் அவர் கையைவிட்டு நழுவுவதும் அதுவே. இவ்விழப்பைப் பரிகரிக்க எழுந்த ஒரு முயற்சியின் சரித்திரத்தையே இங்குக் கூறப் புகுந்தேன்.

பழங்காலத்துக் கேம்பிரிட்ஜில் இத்தகைய துயரத்திற்குப் பெரும்பாலும் இடமிருந்ததில்லை. 1882-ஆம் ஆண்டின் புதிய விதிகள் நடைமுறைக்கு வரும்வரை, கல்லூரியின் 'ஃபெல்லோ' ஒருவர் விவாகம் செய்துகொண்டால் அப்பதவியைத் துறக்க வேண்டும் என்பது அங்குப் பொதுவிதியாய் இருந்தது. பிரமசாரியாகவே கல்லூரியில் தங்கி முதுமை எய்தியவருக்கு, அவர் உறங்கிய அறையும், உண்ட மண்டபமும், உரையாடிய கூடமும் இறுதிமூச்சு வரையில் மாறவில்லை. அவர் ஆசிரியராக வாழ்ந்த இடத்திலேயே முதியவராகவும் வாழ்ந்தார். இல்லற வாழ்க்கை ஆசிரியர்களுக்கு அனுமதிக்கப்பட்டதும், 1913-இல் பிரிட்டிஷ் சர்வகலாசாலைகளுக்கெனப் பொதுவானதொரு ஓய்வூதிய ஏற்பாடு தோன்றியதும், நாளடைவில் ஓய்வுபெறும் வயது வரையறுக்கப்பட்டதும் நியாயமான சீர்திருத்தங்களே என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அச்சீர்திருத்தங்களோடு கூடவே, பொருட்கவலையின்றி ஊர்ப்புறத்து வீட்டில் அமர்ந்து, பேச்சுத்துணைக்கு ஏங்கும் கற்றோர் கூட்டம் ஒன்றும் தோன்றலாயிற்று.

கல்வியைச் சர்வகலாசாலையின் மதிலுக்கு வெளியே கொண்டுசெல்லும் எண்ணம் இங்கிலாந்துக்குப் புதிதன்று. 1873-இல் கேம்பிரிட்ஜ், ஜேம்ஸ் ஸ்டூவர்ட் என்பாரின் முயற்சியால், வெளியூர்களில் விரிவுரைகள் நிகழ்த்தும் திட்டத்தை முறையாகத் தொடங்கியது. 1903-இல் ஆல்பெர்ட் மான்ஸ்பிரிட்ஜ் தொழிலாளர் கல்விச் சங்கத்தை நிறுவினார். இவை பெண்களையும் தொழிலாளரையும் கருதி எழுந்தவை. முதியோரைத் தனியே கருதிய திட்டம் தோன்ற, ஸ்டூவர்ட்டின் முயற்சிக்குப்பின் சரியாக நூறாண்டுகள் செல்லவேண்டியிருந்தது. அதுவும் இங்கிலாந்தில் தோன்றவில்லை.

பிரான்சு தேசத்தில், 1968-ஆம் ஆண்டு மே மாதத்து மாணவர் கிளர்ச்சியைத் தொடர்ந்து அவ்வாண்டு நவம்பரில் இயற்றப்பெற்ற உயர்கல்விச் சட்டம், வாழ்நாள் முழுவதும் தொடரும் கல்வியைச் சர்வகலாசாலைகளின் கடமைகளுள் ஒன்றாக்கியது. சட்டநூலில் ஏறிய நல்விதிகள் பல அங்கேயே உறங்கிப்போவதுண்டு. இவ்விதி உறங்காமற் காத்தவர்களுள் தலையாயவர், துலூஸ் நகரத்தில் சர்வதேசச் சட்டம் போதித்த பேராசிரியர் பியேர் வெல்லாஸ் ஆவார். 1973-இல் அவர் தம் சர்வகலாசாலையின் வாயிலை ஓய்வுபெற்றோர் அனைவருக்கும் திறந்துவிட்டார். முன்பு கற்ற சான்று எதுவும் கேட்கப்படவில்லை. எளியதொரு விண்ணப்பமும் சிறுதொகையும் போதுமாயிருந்தன. விரிவுரைகளோடு தேகப்பயிற்சி, உல்லாச நடை, சங்கீதம், கைவினை, வரலாற்றுச் சிறப்புடைய இடங்களுக்கு யாத்திரை ஆகியவையும் பாடத்திட்டத்திலேயே இடம்பெற்றன. முதுமையின் தனிமை நூலால் மட்டும் தீர்வதன்று என்பதை வெல்லாஸ் உணர்ந்திருந்தார் என்பதற்கு அத்திட்டமே சான்று. பிரெஞ்சு மக்கள் முதுமையை நயமாகச் சுட்டும் 'மூன்றாம் பிராயம்' என்னும் வழக்கைத் தழுவி, அதற்கு மூன்றாம் பிராயத்தின் சர்வகலாசாலை என்று பெயரிட்டார்கள். ஈராண்டுக்குள் அது தேசம் கடந்தது. போலந்தின் வார்சா நகரில் ஹலினா ஷ்வார்ட்ஸ் என்னும் மருத்துவப் பேராசிரியை 1975-இல் அத்தகைய ஸ்தாபனம் ஒன்றை நிறுவினார். அவ்வாண்டிலேயே சர்வதேசச் சங்கமும் அமைந்தது.

துலூஸ் செய்த உபகாரம் பெரிது. எனினும் அங்குப் போதிப்பவர் சர்வகலாசாலையின் ஆசிரியர், கேட்பவர் முதியவர் என்னும் பிரிவு அப்படியே நின்றது. அப்பிரிவை அழித்த பெருமை கேம்பிரிட்ஜைச் சார்ந்தது. அதற்குரிய மனிதரைப்பற்றிச் சற்று விரிவாகவே கூறவேண்டும்.

பீட்டர் லாஸ்லெட், டிரினிட்டி கல்லூரியின் ஃபெல்லோ. யுத்தகாலத்தில் ஜப்பானியக் கடற்படையின் மறைமொழிகளை அவிழ்க்கும் பணியில் ஈடுபட்டவர். ஜான் லாக் என்னும் தத்துவஞானியின் அரசியல் நூலைச் செம்மையாகப் பதிப்பித்துப் புகழ் எய்தியவர். 1964-இல் ரிக்லி என்பாருடன் சேர்ந்து அவர் அமைத்த ஆய்வுக்குழு, இங்கிலாந்தின் பழைய மாதாகோயில் பதிவேடுகளில் ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் என்று எழுதிவைக்கப்பட்ட எண்ணிறந்த குறிப்புகளைக் கொண்டு சாமானிய மக்களின் வாழ்க்கையைக் கணக்கிட முற்பட்டது. அந்த ஆய்வு முன்னோரைப்பற்றிய சில இனிய கற்பனைகளைக் கலைத்தது. பாட்டனும் பேரனும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த பெருங்குடும்பங்களே பண்டை இங்கிலாந்தில் மிகுதி என்று நம்பியிருந்தோருக்கு, சராசரிக் குடும்பத்தில் ஐவருக்கும் குறைவானவரே வாழ்ந்தனர் என்றும், மூன்று தலைமுறை கூடிய வீடுகள் சிலவே என்றும் லாஸ்லெட் காட்டினார். நீண்ட முதுமை பெரும்பான்மையோர்க்குக் கிட்டுவது இருபதாம் நூற்றாண்டின் புதுமை என்பதும், அதை வாழும் முறையை முன்னோரிடமிருந்து அப்படியே பெற்றுக்கொள்ள இயலாது என்பதும் அவர் கண்ட முடிவுகள்.

மனித வாழ்வை அவர் நான்கு பருவங்களாக வகுத்தார். பிறரைச் சார்ந்து கற்கும் பருவம் முதலாவது. உழைத்துப் பொருளீட்டிக் குடும்பம் தாங்கும் பருவம் இரண்டாவது. அக்கடமைகள் நீங்கித் தன் விருப்பம் நிறைவேறும் பருவம் மூன்றாவது. தளர்ந்து மீண்டும் பிறரைச் சார்ந்து முடிவெய்தும் பருவம் நான்காவது. இதைப் படிக்கும் நம்மவர் எவருக்கும் நான்கு ஆசிரமங்கள் நினைவுக்கு வராமல் இரா. ஆனால் ஒப்புமையோடு வேற்றுமையையும் நோக்குதல் தகும்: நம் மூன்றாம் ஆசிரமம் மனிதனை ஊரைவிட்டு வனத்துக்கு அனுப்பியது, லாஸ்லெட்டின் மூன்றாம் பருவமோ ஊரின் நடுவே, அண்டை வீட்டாரின் கூடத்தில் நிகழ்வது.

அவருக்குத் துணைநின்றவர் மைக்கேல் யங். திறந்தவெளிச் சர்வகலாசாலை என்னும் கருத்தை 1962-இலேயே எழுதி வெளியிட்டவர் அவர். அதற்கு அடுத்த ஆண்டிலேயே, வைகறையில் தொலைக்காட்சி வழியே கேம்பிரிட்ஜ் அறிஞர்களின் விரிவுரைகளை ஒளிபரப்பிய பரீட்சார்த்தம் ஒன்று நிகழ்ந்தது. முதியோர் நலம்பற்றிய ஆராய்ச்சி நிலையத்தின் தலைவரான எரிக் மிட்வின்ட்டரும் இவர்களுடன் சேர்ந்தார். 1981-ஆம் ஆண்டு ஜூலையில் கேம்பிரிட்ஜில் கூட்டம் கூட்டப்பெற்றது. அதே மாதத்தில் பிரிட்டிஷ் சர்வகலாசாலைகளுக்குரிய அரசாங்க மானியம் கடுமையாகக் குறைக்கப்படும் செய்தியும் வந்தது. துலூஸைப் போல ஒரு சர்வகலாசாலையின் நிழலில் ஒதுங்குவது அந்த நிலையில் எளிதன்று. ஆயினும் பணமுடையே அவர்களுடைய தீர்மானத்திற்கு முழுக்காரணம் என்று கொள்வது பிழை. 'யூனிவர்ஸிட்டி' என்னும் சொல்லுக்கு மத்தியகாலத்து மூலப்பொருள் கட்டடமோ பட்டமோ அன்று, ஒரு நோக்கத்தின்பொருட்டுக் கூடிய மனிதர்களின் சங்கம் என்பதே. பொலோன்யாவில் மாணாக்கரே சங்கமாகத் திரண்டு ஆசிரியரை அமர்த்தி ஊதியமளித்த காலமும் உண்டு. அப்பொருளையே லாஸ்லெட் மீட்டெடுத்தார். கற்பிப்போர் கற்கவும் வேண்டும், கற்போர் கற்பிக்கவும் வேண்டும் என்பது அவர் வகுத்த விதிகளின் சாரம். பரீட்சை இல்லை, பட்டம் இல்லை, போதிப்பவருக்கு ஊதியமும் இல்லை. 1982-இல் கேம்பிரிட்ஜிலும் வேறு சில ஊர்களிலும் இச்சங்கங்கள் எழுந்தன. அடுத்த ஆண்டில் அவற்றிற்கெல்லாம் பொதுவான அறக்கட்டளை ஒன்று நிறுவப்பட்டது.

இவ்விதியின் அருமையை, ஓய்வுபெற்ற ஆசிரியரின் நிலையிலிருந்து நோக்கினால்தான் நன்கு உணரலாம். நாற்பதாண்டு மேடையிலிருந்து பேசிப் பழகியவருக்கு, பேசுவதற்கு மற்றொரு மேடை தருவது எளிது. அது அவருடைய பழைய பெருமையைச் சிறிதுகாலம் நீட்டிவைக்கும், அவ்வளவே. இச்சங்கத்திலோ லத்தீன் பேராசிரியர் ஒருவர் திங்கட்கிழமை தம் மொழியைக் கற்பித்துவிட்டு, புதன்கிழமை ஓய்வுபெற்ற தோட்டக்காரர் முன்னிலையில் செடிகளின் பெயர் கேட்டு எழுதிக்கொண்டு அமரலாம். தமக்குத் தெரியாததை அறிந்த ஒருவரின்முன் அடக்கத்துடன் அமர்வதால் உண்டாகும் இளமையை வேறு எவ்வகை மரியாதையும் அளிக்க மாட்டாது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

குறைகளும் உண்டு. பட்டமளிக்காத ஒன்று சர்வகலாசாலை என்னும் பெயரைச் சூடலாமா என்று கேட்டவர்கள் உளர். அதைப் பொருட்படுத்த வேண்டுவதில்லை. ஆனால் முன்னரே கல்வியும் வசதியும் பெற்றவர்களே இச்சங்கங்களில் மிகுதியாகச் சேர்கின்றனர், உழைத்துத் தேய்ந்த முதியோர் வெளியே நிற்கின்றனர் என்னும் குறையோ மெய்யானது. துலூஸின் வாயிலைத் திறந்த வெல்லாஸின் நோக்கத்துக்கும் அது மாறானது. 1984-இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னை அடைந்து, பின்னர் நியூசிலாந்துக்கும் பரவிய இவ்வியக்கத்தில் இன்று பிரிட்டனில் மட்டும் ஆயிரத்திற்கு மேற்பட்ட சங்கங்கள் உள்ளன. லாஸ்லெட், யங் இருவரும் 1915-இல் பிறந்தவர்கள். முன்னவர் 2001 நவம்பரிலும், பின்னவர் 2002 ஜனவரியிலும், தாம் வகுத்த மூன்றாம் பருவத்தைத் தாமே நிறைவாக வாழ்ந்து மறைந்தனர்.

ஓய்வுபெறும் தறுவாயிலுள்ள ஆசிரியர் எவரேனும் இதைப் படிப்பாராயின், அவரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு: தாம் அறிந்ததைச் சொல்லும் ஓர் இடத்தைத் தேடுவதோடு அமையாது, தாம் அறியாததைக் கேட்கும் ஓர் இடத்தையும் முதல் மாதத்திலேயே தேடிக்கொள்ளுங்கள்; அருகில் அத்தகைய சங்கம் இல்லையெனில், உங்கள் வீட்டுக் கூடத்தில் நான்கு நாற்காலிகளை இட்டு அதைத் தொடங்குங்கள்.