விளக்கெண்ணெய் வாசமும் ஒரு ரேடியோக்காரரும்

குஜராத்துக்கு மாற்றலாகி வந்த புதிதில் விவசாயக் கடன் விண்ணப்பங்களில் 'எரண்டா', 'எரண்டா' என்று வந்துகொண்டே இருக்கும். என்னவென்று கேட்டால் நம்ம ஆமணக்கு. நாட்டிலேயே அதிகமாக விளைவது இங்கேதான். எனக்கு உடனே பாட்டியும், லீவு நாள் காலையில் மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுங்கின விளக்கெண்ணெயும்தான் ஞாபகம் வந்தது. (தப்பித்தவர்கள் கையைத் தூக்குங்கள்!)

அதே வாசனை போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊருக்கு வெளியே ஒரு பொட்டலில் அடித்தது. காலேஜ் படிக்கும் பையன் இரண்டு மாதமாக ஹாலை அடைத்துக்கொண்டு பால்சா கட்டையில் செய்த ரேடியோ விமானத்தைக் காட்ட அழைத்துப் போயிருந்தான். அந்தக் குட்டி இன்ஜினுக்கு மெத்தனால், நைட்ரோமீத்தேன், மசகுக்கு விளக்கெண்ணெய் எல்லாம் கலந்த எரிபொருள். நாலு நிமிஷம் நன்றாகப் பறந்தது. ஐந்தாவது நிமிஷம் தலைகீழாகப் புரட்டப் போய் மூக்கு குத்தி விழுந்தது. இறக்கை இரண்டு துண்டு.

"ரெடிமேடாவே கிடைக்குதேடா" என்றேன். பதில் இல்லை. ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் ஹாலில் விளக்கு எரிந்தது. இந்தப் பைத்தியத்தை ஆரம்பித்து வைத்தது யார் என்று அந்தக் கோபத்தில்தான் தேட ஆரம்பித்தேன். பி.காம். படித்தவன் எழுதுகிறேன், விவரம் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

1937இல் அமெரிக்காவின் கலமசூ ஊரில் வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள் 'கஃப்' என்ற தங்கள் விமானத்தை ரேடியோவால் திருப்பிக் காட்டினார்கள். இன்று அது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அடுத்த இருபது வருடம் பெரும்பாலானவர்களிடம் இருந்தது ஒரே ஒரு பொத்தான். அதை அழுத்தினால், முறுக்கிய ரப்பர் பட்டை ஒரு படி அவிழ்ந்து வால் சுக்கானைத் திருப்பும். முதல் அழுத்தலுக்கு வலது, அடுத்ததற்கு இடது. எண்ணிக்கை தப்பினால் விமானம் எதிர்ப்பக்கம் போகும். கேஷியர் நோட்டு எண்ணும்போது பேச்சுக் கொடுத்தால் என்ன ஆகுமோ அதேதான்.

பிறகு வந்தது ரீட் ரேடியோ. ஆர்மோனியத்தில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு நாக்கு இருப்பதுபோல், விமானத்துக்குள் வரிசையாகச் சின்ன உலோக நாக்குகள். கீழிருந்து ஒரு குறிப்பிட்ட சுரம் அனுப்பினால் அதற்கான நாக்கு மட்டும் அதிர்ந்து ஒரு மோட்டாரை ஓட்டும். மேலே, கீழே, வலது, இடது எல்லாம் வந்துவிட்டது. ஆனால் 'கொஞ்சம்' என்பது கிடையாது. சுவிட்சைப் பிடித்தால் முழுசாகத் திரும்பும், விட்டால் நடுவுக்கு வரும். செக் ஒன்று பாஸாகும், இல்லையென்றால் திரும்பும் என்பதுபோல. எனவே தந்தி அடிக்கிற மாதிரி விரலால் தட்டித் தட்டி ஓட்டினார்கள். 1960இல் சுவிட்சர்லாந்தின் டூபென்டார்ஃபில் நடந்த முதல் உலகப் போட்டியில் எட் காஸ்மிர்ஸ்கி 'ஓரியன்' விமானத்தோடு ஜெயித்தது இந்தத் தட்டல் காலத்தில்தான். அந்த விரல்களை நினைத்தால் எனக்குப் பிரமிப்பு.

1960களில் விகிதாசார ரேடியோ வந்தது. குச்சியைக் கால் பங்கு தள்ளினால் இறக்கைப் பலகையும் கால் பங்கு திரும்பும். இங்கேதான் நம்ம கதாநாயகர் ஃபில் கிராஃப்ட் வருகிறார். கலிஃபோர்னியாவில் ரேடியோ செய்து விற்றவர். தன் ரேடியோக்களைச் சோதித்துப் பார்க்க, உடைந்தாலும் கவலையில்லாமல் சீக்கிரம் ஒட்டிவிடக்கூடிய விமானம் அவருக்கு வேண்டியிருந்தது. பெட்டி மாதிரி உடம்பு, பலகை மாதிரி இறக்கை, அழகு என்ற பேச்சே இல்லை. பெயரே 'அக்லி ஸ்டிக்', அசிங்கக் குச்சி! அதைப் பார்த்து உலகம் முழுக்க எத்தனை பேர் கட்டினார்களோ, கணக்கே இல்லை. எங்கள் ஹாலில் கிடந்ததும் அதன் வம்சம்தான்.

போட்டிக்கு அவர் கட்டியது வேறு: 'க்விக்ஃபிளை'. இறக்கையை உடம்புக்குக் கீழே வைத்தார். இறக்கையின் மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் ஒரே வளைவு. கீழ்ப்பக்கம் தட்டையான இறக்கை நேராகப் போகும்போது சுகமாகத் தூக்கும், கவிழ்த்துப் போட்டால் முரண்டு பிடிக்கும். இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் தலைகீழாகவும் ஏறக்குறைய அதே மாதிரி பறக்கும். ஒவ்வொரு பதிப்பிலும் மாற்றி மாற்றி, மூன்றாவது க்விக்ஃபிளையோடு 1967இல் கார்சிகா தீவுக்குப் போய் உலகப் பட்டம் வாங்கினார். தான் செய்த ரேடியோ, தான் வரைந்த விமானம், தன் விரல்.

பத்து வருடம் கழித்து, 1977இல், ஆஸ்திரியாவின் ஹானோ பிரெட்னர் பின்னோக்கிச் சாய்ந்த இறக்கையும் கீழ்நோக்கித் தொங்கும் வால் சிறகும் கொண்ட 'குராரே'யோடு ஜெயித்தார். ரேடியோ வியாபாரம் மெல்ல ஃபுட்டாபா போன்ற ஜப்பான் கம்பெனிகள் கைக்குப் போனது. இன்று உலகப் போட்டிகளில் பேட்டரி மோட்டார்தான், விளக்கெண்ணெய் வாசம் போயே போச்சு. ஓட்டுபவரே கட்டியிருக்க வேண்டும் என்று ஒரு காலத்தில் இருந்த விதியையும் எடுத்துவிட்டார்கள். நியாயம்தான், ஓட்டும் திறமைக்குத்தானே போட்டி என்று ஒரு மாதம் முன்னால் நானும் சொல்லியிருப்பேன்.

இப்போது சொல்ல மாட்டேன். பையனின் விமானம் விழுந்த காரணம், குட்டிக்கரணம் வேகமாக அடிக்கட்டும் என்று பேட்டரியை அவனே பின்னால் நகர்த்தியிருந்தான். எடை மையம் பின்னால் போகப் போக விமானம் சுறுசுறுப்பாகும், ஒரு கட்டத்துக்கு மேல் சொன்னபடி கேட்காது. இதை அவன் எனக்கு விளக்கினபோது கையில் உடைந்த இறக்கை இருந்தது. வாங்கி வந்திருந்தால் கடைக்காரனைத் திட்டியிருப்பான். இரண்டு வாரம் கழித்து ஒட்டின இறக்கையோடு, முன்னால் நகர்த்திய பேட்டரியோடு அதே பொட்டலுக்குப் போனோம். உருண்டது, கவிழ்ந்தது, நிமிர்ந்தது. சக்கரம் தரையைத் தொடும்வரை நான் மூச்சு விடவில்லை.

கிராஃப்ட் கதையில் கடைசியாக ஒன்று. 1970களில் அவர் தானே உட்கார்ந்து ஓட்டச் சாகச விமானம் ஒன்றை வடிவமைத்தார், பெயர் 'சூப்பர் ஃபிளை'. ஏதோ மாடல் விமானத்தைப் பெரிசாக்கி ஆளை உள்ளே வைத்த மாதிரியே இருக்கும். படத்தைப் பையனிடம் காட்டினேன். ரொம்ப நேரம் உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "பேட்டரியை எங்கப்பா வெச்சிருப்பார்?"