திவான் கண்ட கனவும் நான்கு கதவுகளும்

மைசூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு நம் நாட்டுக் காரின் வரலாறு இருவகையிலும் சொந்தக் கதையாகும். அது தொடங்கிய கனவு மைசூருடையது. ஒரு கிளை பலித்த ஊர் சென்னை.

1912 முதல் 1918 வரை மைசூர்த் திவானாக விளங்கிய விசுவேசுவரய்யர், 1935-இல் ஐரோப்பாவும் அமெரிக்காவும் சென்று கார்த் தொழிலை ஆராய்ந்து, இந்தியாவிலேயே கார் செய்யத் திட்டம் வகுத்தார். ஆங்கில அரசு கைகொடுக்கவில்லை. சுதந்திரம் வந்தபின், 1961-இல், சென்னையிலிருந்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு வெளிவந்தது.

கார் வாங்குதல் அந்நாளில் எளிதன்று. பணம் உள்ளவரும் பதிவு செய்து காத்திருந்தனர். இல்லாதவரைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? அரசு ஊழியர் சிலர் அலுவலகத்தில் முன்பணம் பெற்று, மாதந்தோறும் சம்பளத்தில் கழித்து வந்தனர். கடன் தீருமுன் வண்டியின் குணங்கள் யாவும் வீட்டாருக்கு மனப்பாடமாகிவிடும்.

ஹெரால்டின் முகப்பு முழுவதும் முன்புறமாகக் கவிழ்ந்து திறக்கும். பழுது பார்ப்போர்க்கு அதைவிட வசதி வேறில்லை. தொடக்கத்தில் எஞ்சின் 948 சி.சி. மட்டுமே. குடும்பத்தோடு சாமுண்டி மலை ஏறினால் அது மூச்சு வாங்கும். பாரம் மிகுந்தால் பின்சக்கரங்கள் கால் பரப்பி நிற்கும். டயரின் உள்விளிம்பு விரைவில் தேயும்.

முதலில் இரு கதவுகளே இருந்தன. முன்னிருக்கையை மடக்கிப் பாட்டியைப் பின்னே அமர்த்துவது ஒரு சிறு வைபவம்! இங்கிலாந்து ஹெரால்டில் என்றுமே இராத நான்கு கதவுகளை 1960-களின் பிற்பகுதியில் சென்னைத் தொழிற்சாலை அமைத்தபின்னரே, பாட்டிமார் தம் கதவைத் தாமே திறந்து அமர்ந்தனர்.