மேல்மாடி விருந்து: நம் கல்வி நிதியின் கதை

எல்லாப் புகழும் இறைவனுக்கே. பொன்விழாக் காணும் நம் சங்கத்தின் வரலாற்றை எழுத அமர்ந்தால், ஆண்டறிக்கைகளுக்கு முன்னால் நினைவுக்கு வருவது ஒரு நாசி கண்டார் கடையின் மேல்மாடிதான். ஆண்டுக்கு ஒருமுறை ஒரு ஞாயிறு மாலையில் அங்கே நடக்கும் விருந்தின் வழியாகத்தான் நம் கல்வி நிதி வளர்ந்தது. பிள்ளைகள் பலர் தேர்வுக் கட்டணம் கட்டியதும் மேற்படிப்புக்குப் போனதும் அந்த நிதியால்தான். அந்த விருந்து எப்படித் தொடங்கியது, நாம் எங்கே தவறினோம், எப்படித் திருத்திக்கொண்டோம் என்பதை அடுத்த தலைமுறைக்காக இங்கே பதிவு செய்கிறோம். பெருமைகளை மட்டும் எழுதினால் அது வாழ்த்துரையாகுமே தவிர வரலாறு ஆகாது.

முன்னோர் விட்டுச் சென்ற பாடம்

பினாங்கில் தமிழ் முஸ்லிம்களின் அறப்பணி நம் சங்கத்தோடு பிறந்ததல்ல. 1786இல் பிரான்சிஸ் லைட் இத்தீவில் குடியேற்றத்தை ஏற்படுத்திய பிறகு, சோழமண்டலக் கரையிலிருந்து வணிகரும் மாலுமிகளும் தொழிலாளரும் வந்து சேர்ந்தனர். அவர்களைச் சூலியாக்கள் என்றனர். அந்தப் பெயரில் இன்றும் ஒரு தெரு இருக்கிறது. அவர்களின் தலைவரான கப்பித்தான் காதர் மொய்தீன் காலத்தில், 1801இல் தோன்றியதே கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். வசதி படைத்தோர் நிலங்களையும் கடைவீடுகளையும் வக்ஃபாக எழுதி வைத்தனர்.

ஆனால் அந்தச் சொத்துகளுக்கெல்லாம் ஒழுங்கான கணக்கு இருக்கவில்லை. நிர்வாகக் குறைகள் பெருகியதால், 1905இல் காலனி அரசு முகமதிய, இந்து அறநிலையச் சட்டத்தைக் கொண்டு வந்து அவற்றை ஒரு வாரியத்தின் பொறுப்பில் விட்டது. கணக்கில்லாத தர்மம் கையைவிட்டுப் போகும் என்று இந்தத் தீவு எப்போதோ நமக்குச் சொல்லிவிட்டது. நாமோ அதை மறுபடியும் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

சாப்பாட்டுக் கடையோடு நமக்குள்ள உறவும் பழையது. தோளில் தடி வைத்து, ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் கறிகளும் சுமந்து துறைமுகத் தொழிலாளருக்கு விற்றவர்கள் நம்மவர்கள். தோளில் காவிச் சுமப்பதற்கு மலாயில் கண்டார் என்று பெயர். நாசி கண்டார் என்ற பெயர் அதனால் வந்தது. 1907 முதல் நடந்துவரும் ஹமீதியா போல் பின்னர் நிலையான கடைகள் எழுந்தன. ஊரிலிருந்து புதிதாக வந்த பலருக்கு முதல் வேலையும், இரவில் தலைசாய்க்க இடமும், கடிதம் வந்து சேர முகவரியும் தந்தவை இத்தகைய கடைகளே. நம் நிதி திரட்டும் பணியும் ஒரு கடையிலேயே தொடங்கியதில் வியப்பில்லை.

நெருக்கடியில் பிறந்த யோசனை

குடியுரிமை இல்லாதோர் வேலை பார்க்க அனுமதி பெற வேண்டும் என்ற சட்டம் 1968இல் வந்தது. 1969இல் பினாங்கின் வரியற்ற துறைமுகத் தகுதி நீங்கியது. கடையையும் துறைமுகத்தையும் நம்பியிருந்த குடும்பங்களை இவ்விரண்டும் நேராகத் தாக்கின. எழுபதுகளில் நம் சங்கம் கூடியபோது, உதவி கேட்டு வந்தவர்களில் பெரும்பாலோர் பிள்ளைகளின் படிப்புக்காகவே வந்தார்கள். மிண்டனில் பல்கலைக்கழகம் வந்திருந்தது. ஆனால் ஐந்தாம் படிவத் தேர்வுக் கட்டணத்துக்கே வழியில்லாத வீடுகள் இருந்தன.

ஸகாத் வசூலிப்பது மாநில இஸ்லாமிய சமய மன்றத்தின் பொறுப்பு. சங்கம் அதில் இறங்க முடியாது. வீடு வீடாகவும் தெருவிலும் வசூலிக்க வேண்டுமானால் 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் பெற வேண்டும். உண்டியலைத் தூக்கிக்கொண்டு நிற்பதில் பெரியவர்களுக்கு விருப்பமும் இல்லை. அப்போது செயலவையில் இருந்த ஒரு கடை முதலாளி சொன்னார்: “ஒருநாள் சாயங்காலம் என் மேல்மாடிய எடுத்துக்குங்க. வர்றவங்க வயிறாரச் சாப்பிட்டுட்டு, மனசாரக் கொடுத்துட்டுப் போகட்டும்.”

கூட்டம் நிறைந்தது, பெட்டி நிறையவில்லை

முதல் விருந்துக்கு நாம் எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் வந்தார்கள். பாலம் இல்லாத காலம் அது. பட்டர்வொர்த் பக்கமிருந்து பெரி ஏறி வந்தவர்களும் உண்டு. மஃரிப் தொழுகை முடிந்ததும் கிராஅத் ஓதி நிகழ்ச்சி தொடங்கியது. நெய்ச்சோறு, ஆட்டுக்கறி, தாளிச்சா, கோழி வறுவல், பிறகு வட்டலப்பம். சாப்பாட்டைக் குறைசொல்ல ஆளில்லை.

எல்லாரும் போன பிறகு பொருளாளர் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினார். இரண்டு முறை எண்ணினார். கறி, அரிசி, நாற்காலி வாடகை, அச்சுக்கூலி எல்லாம் போக மிஞ்சிய தொகை ஒரு சில பிள்ளைகளின் கட்டணத்துக்கே போதுமானதாக இருந்தது. காரணம் வெளியில் இல்லை. ‘மரியாதைக்காக’ என்று நாமே அள்ளிக் கொடுத்த இலவச டிக்கெட்டுகள் பாதி மேசைகளை நிரப்பியிருந்தன. செயலவையினரிலும் பலர் டிக்கெட் வாங்கவில்லை.

மறு ஆண்டு மூன்று விதிகள் வகுத்தோம். ஒன்று, செலவு முழுவதையும் விருந்துக்கு முன்பே பொறுப்பேற்க ஆள் பிடிப்பது: அரிசி ஒருவர், கறி ஒருவர், மளிகை ஒருவர், அச்சு ஒருவர். டிக்கெட்டில் வரும் வெள்ளி எதுவும் செலவுக்குப் போகக்கூடாது. இரண்டு, இலவச டிக்கெட் யாருக்கும் இல்லை. தலைவரும் வாங்கியே வர வேண்டும். மூன்று, அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் வரவு செலவுக் கணக்கைக் கடைச் சுவரில் ஒட்டுவது. ஜும்ஆ முடிந்து சாப்பிட வருகிறவர் யாராயினும் அதைப் படிக்கலாம். இந்த மூன்றும் இன்றுவரை மாறவில்லை.

ஒலிபெருக்கி செய்த காயம்

அடுத்து வந்த பிரச்சினை மேடையில் அறிவித்த தொகைகள். ஒருவர் ஒரு தொகை சொன்னால் அடுத்தவர் அதைவிடக் கூட்டிச் சொல்வார், கைதட்டல் எழும். மறுவாரம் முதல் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு கடை கடையாக ஏறி இறங்குவார். “நாளைக்கு வாங்க” என்ற பதிலையே மாதக்கணக்கில் கேட்டார். நட்புகள் சில முறிந்தன. கடைசியில் அறிவிப்பை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு மேசையிலும் பெயரெழுதாத உறைகளை வைத்தோம். வந்த தொகை கேட்க எடுப்பாக இல்லை, ஆனால் வந்தது.

அதைவிடப் பெரிய தவறு ஒன்றையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். உதவி பெறும் மாணவர்களை மேடைக்கு அழைத்து, பிரமுகர் கையால் உறை கொடுத்துப் படம் எடுப்பது அப்போது வழக்கம். ஓர் ஆண்டு, வந்தவர்களின் மனம் இளகட்டும் என்று நினைத்து, நம்மில் ஒருவர் ஒவ்வொரு மாணவனின் வீட்டு நிலைமையையும் ஒலிபெருக்கியில் விவரித்தார். தகப்பனின் நோய், வாடகைப் பாக்கி எதையும் விடவில்லை. ஒரு மாணவனின் பெயர் வந்தபோது அவன் எழுந்தான். மேடைப் பக்கம் வராமல் மாடிப்படி இறங்கிப் போய்விட்டான்.

நாம் உறையை அவன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினோம். மறுநாள் காலை அவன் தாயார் அதைப் பிரிக்காமல் கொண்டுவந்து கடைக் கல்லாவில் வைத்தார். “புள்ள படிக்கணும்னுதான் அண்ணே கேட்டோம். எங்க கஷ்டத்த மைக்குல சொல்லச் சொல்லிக் கேக்கலயே” என்றார்.

தலைவரும் மூத்தவர்கள் இருவரும் அன்று மாலையே அந்த வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார்கள். தேநீர் கொடுத்து மரியாதையாக அனுப்பினார்கள். உதவியை மட்டும் ஏற்கவில்லை. அந்தப் பிள்ளை இரவு வேலை பார்த்துக் கட்டணத்தைத் தானே கட்டினான் என்று பின்னர் அறிந்தோம். கொடுத்ததைச் சொல்லிக் காட்டினால் தர்மம் வீணாகும் என்று மதரஸாவில் ஓதும் வயதிலேயே கேட்டவர்கள் நாம். கேட்டது மேடை ஏறும்போது மறந்துவிட்டது.

அன்றிலிருந்து உதவி பெறுகிற எந்தப் பிள்ளையும் மேடை ஏறியதில்லை. விண்ணப்பங்களைப் பார்ப்பது மூவர் மட்டுமே. பதிவேட்டில் பெயருக்குப் பதில் எண். கட்டணம் நேராகப் பள்ளிக்கோ கல்லூரிக்கோ போய்விடும். படம் இல்லாத அறிக்கையைக் கண்டு சில நன்கொடையாளர்கள் முகம் சுளித்தார்கள். அந்த இழப்பைத் தாங்கிக்கொள்வது என்று முடிவு செய்தோம்.

பட்டியலில் இல்லாத பெயர்கள்

பழைய நிகழ்ச்சி நிரல்களைப் புரட்டினால் நன்கொடையாளர் பட்டியல் பக்கம் பக்கமாக இருக்கிறது. கீழே அடுப்படியில் சுபுஹுக்கு முன்பே தேக்சா ஏற்றியவர்களின் பெயர் ஒன்றுகூட இல்லை. விருந்து நடந்த ஞாயிறு அவர்களுக்கு ஓய்வு நாள். முதலாளி மாடியைக் கொடுத்தார் என்று நாம் நன்றி சொன்னோம். அவர்கள் ஓய்வைக் கொடுத்தார்கள் என்பது நமக்குத் தோன்றவில்லை. பல ஆண்டுகள் நமக்குச் சமைத்த பண்டாரி ஒருவர் ஊர் திரும்பும்போது, வழியனுப்பப் போன நம்மிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: “அந்த மாடியில நான் ஒருநாளும் உக்காந்து சாப்பிட்டதில்ல தம்பி.”

அதன் பிறகே, விருந்துக்கு முந்திய வேளையில் அடுப்படியினர் மாடியில் அமர்வதும், செயலவையினர் சஹன் வைத்துப் பரிமாறுவதும் வழக்கமாயின. அன்றைய கூலியும் செலவுப் பொறுப்பாளர்களின் கணக்கில் சேர்ந்தது. நம் வீட்டுப் பெண்களுக்கும் இதே கடன் உண்டு. டிக்கெட்டில் பெரும்பகுதியைச் சொந்தபந்தங்களிடம் விற்றதும், வட்டலப்பம் செய்து கொடுத்ததும் அவர்கள். நெடுங்காலம் செயலவைக் குறிப்பில் அவர்களுக்கு ‘மற்றும் பலர்’ என்ற இரண்டு சொற்களே கிடைத்தன.

இனி

2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது மாடி மூடிக் கிடந்தது. சோற்றைப் பொட்டலம் கட்டி டிக்கெட் வாங்கியவர் வீட்டு வாசலில் வைத்தோம். பணம் கைப்பேசி வழியே வந்தது. விருந்து நடக்காவிட்டாலும் கட்டணங்கள் தவணை தவறவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

விருந்தை ஹோட்டல் மண்டபத்துக்கு மாற்றலாம் என்று இளைஞர்கள் சிலர் இப்போது கேட்கிறார்கள். மாடியில் இடம் போதவில்லை என்பது உண்மைதான். எங்கு நடத்தினாலும் நமக்குச் சம்மதமே. சுவரில் கணக்கு ஒட்டப்பட வேண்டும். பிள்ளைகளின் பெயர் ஒலிபெருக்கியில் வரக்கூடாது. சமைத்தவர்கள் முதலில் சாப்பிட வேண்டும். இந்த மூன்றையும் எடுத்துக்கொண்டு போனால் மாடியை விட்டுப் போகலாம்.

அந்த மாடியைத் தந்தவர், அடுப்படியில் நின்றவர்கள், உறையில் பெயரெழுதாமல் வைத்துப் போனவர்கள் அனைவரின் நற்செயல்களையும் அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. படியிறங்கிப் போன அந்தப் பிள்ளை எங்கிருந்தாலும் அவனுக்கு அருள்புரிவானாக. இந்த மலர் என்றேனும் அவன் கைக்குப் போய்ச் சேர்ந்தால், நாம் மறக்கவில்லை என்பதை அவன் அறியட்டும். ஆமீன்.